எரிமலைக் குழம்புல விழுந்தாலும் கிளைமாக்ஸ், ராஜாவைக் குத்தினாலும் கிளைமாக்ஸ்! 100 முடிவு கொண்ட 'ரிவென்ச்சர்' கேம் சொல்ல வருவது என்ன?

வீடியோ கேம் விளையாடுற யாருக்கும் பிடிக்காத ரெண்டு வார்த்தை 'கேம் ஓவர்'. ஆனா, அந்த ரெண்டு வார்த்தையையே பரிசா மாத்தின ஒரு கேம் இருக்கு. தோத்தா கைதட்டும். தப்பு பண்ணினா, "சூப்பர், இது 37-வது முடிவு, இன்னும் 63 பாக்கி" என்கிற மாதிரி கணக்குச் சொல்லும்.

கேமோட பேர் 'ரிவென்ச்சர்'. ஸ்பெயினைச் சேர்ந்த 'பிக்சலாட்டோ' என்ற சின்ன நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. முதலில் கம்ப்யூட்டரில் 'ஸ்டீம்' தளத்தில் வந்து, பிறகு நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் போனது.

சரி, 2019-ல் வந்த கேமைப் பத்தி இப்போ ஏன் பேசணும்? காரணம் இருக்கு. 2025 ஏப்ரலில் ஜப்பானிலிருந்து 'தி ஹன்ட்ரட் லைன்' என்று ஒரு கேம் வந்தது. அதன் விளம்பரத்திலும் அதே எண்தான்: 100 முடிவுகள். அதற்கு 2 ஆண்டு முன்னால், 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கேமை உருவாக்கிய லாரியன் நிறுவனம், முடிவுகளில் 17,000 விதமான மாறுதல்கள் உண்டு என்று சொன்னது.

அப்போ முடிவுகளின் எண்ணிக்கை கூடினா கேம் நல்ல கேமா? நம்ம காசுக்கும் நேரத்துக்கும் அந்த எண் நிஜமாவே ஏதாவது தருதா? விரிவாகப் பார்க்கலாம்.

'ரிவென்ச்சர்': அப்படி என்ன கேம் இது?

பார்க்க 1980-களின் கேம் மாதிரியே இருக்கும். கட்டம் கட்டமான பிக்சல் படங்கள், இடமிருந்து வலமா ஓடணும், மேடு பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கணும். இந்த வகைக்கு 'பிளாட்ஃபார்ம் கேம்' என்று பேர். 'சூப்பர் மாரியோ' விளையாடியிருந்தா உடனே புரியும்.

கதையும் அரைச்ச மாவுதான். இளவரசியை வில்லன் தூக்கிட்டுப் போயிட்டான், ஹீரோ போய் மீட்கணும். ஒரு பெரியவர் வாள் கொடுப்பார், அரண்மனையில் ராஜா இருப்பார், ஊருக்கு வெளியே குகை, காடு, எரிமலை எல்லாம் இருக்கும். 1986-ல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' மாதிரியான கேம்களை வேணும்னே நக்கலடிக்கிற அமைப்பு இது.

ட்விஸ்ட் இதுக்கு அப்புறம்தான். வாள் கொடுத்த பெரியவர் மேலேயே அந்த வாளை வீசிப் பாருங்க. வேற கேமா இருந்தா ஒண்ணும் நடக்காது, வாள் அவர் உடம்புக்குள்ள புகுந்து வெளிய வரும், அவர் பாட்டுக்கு நின்னுட்டிருப்பார். இங்க அதுதான் ஒரு கிளைமாக்ஸ். திரை மூடும், ஒரு படம் வரும், கிண்டலா ஒண்ணு ரெண்டு வரி வரும், பட்டியலில் ஒரு எண் கூடும். அப்புறம் மறுபடியும் வீட்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

ராஜாவைக் குத்தினா ஒரு முடிவு. எரிமலைக் குழம்பில் விழுந்தா ஒரு முடிவு. கஷ்டப்பட்டு மீட்ட இளவரசியை அரண்மனையில் கொண்டுபோய் விடாம வேற பக்கம் கூட்டிட்டுப் போனா, அதுக்கும் தனி முடிவு. இப்படி 100.

இன்னொரு குசும்பும் உண்டு. பொதுவா கேம்களில் ஹீரோ எத்தனை ஆயுதம், பை, கேடயம் வேணும்னாலும் சேர்த்துக்கலாம், எடையே தெரியாது. இதில் ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் ஹீரோ குதிக்கும் உயரம் குறையும். எல்லாத்தையும் அள்ளிக்கிட்டா, முன்னாடி சாதாரணமா ஏறின மேட்டில்கூட ஏற முடியாது. அதனால எதை எடுக்கணும், எதை விடணும்னு யோசிச்சே ஆகணும். எதை விடுறீங்களோ, அதைப் பொறுத்து வேற ஒரு முடிவுக்கான வழி திறக்கும்.

'கேம் ஓவர்' எதுக்காக வந்துச்சு?

இந்த நக்கல் ஏன் வேலை செய்யுதுன்னு புரியணும்னா, பழைய கதை கொஞ்சம் தெரியணும்.

1970-களின் கடைசியிலும் 80-களிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் 'ஆர்கேட்' கடைகள்தான். நிற்க வைத்த பெரிய பெட்டி, அதில் நாணயம் போட்டால் விளையாடலாம். தோத்துட்டா திரும்ப நாணயம் போடணும். ஒரே நாணயத்தில் ஒருத்தர் ஒரு மணி நேரம் விளையாடினால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால சீக்கிரம் தோக்க வைக்கிற மாதிரி கேமைக் கடினமாக்குவது அன்றைய வியாபாரத்தின் ஒரு பகுதி. நம்ம பரமபதத்தில் பாம்பு கடிச்சா கீழே இறங்குவோம், இங்க பாம்பு கடிச்சா பாக்கெட்டிலிருந்து காசும் இறங்கும்.

அப்புறம் கேம்கள் வீட்டு டிவிக்கு வந்தன. நாணயம் போடும் துளை போயிடுச்சு, ஆனா 'தோத்தா தண்டனை' என்கிற பழக்கம் மட்டும் போகல. மூணு உயிர், அது தீர்ந்தா முதலிலிருந்து.

பல முடிவுகள் வைக்க இடமும் கிடையாது. 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேம் மொத்தமுமே 40 கேபி அளவுதான். உங்க வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வரும் 'குட் மார்னிங்' படம் அதைவிடப் பெருசா இருக்கும். அந்த இடத்துக்குள்ள 32 கட்டங்கள், இசை, எதிரிகள் எல்லாம் அடங்கணும். கிளைமாக்ஸ் ஒண்ணு வைச்சதே பெரிய விஷயம்.

பழைய கேம்களில் பல முடிவுகளே இல்லையா?

இருந்தது. அதுவும் சிலது ரொம்ப குறும்பானவை.

1985-ல் கேப்காம் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்' கேமை உயிரைக் கொடுத்து முடிச்சா, "நீ பார்த்தது எல்லாம் மாயை" என்கிற அர்த்தத்தில் ஒரு செய்தி வரும். முதலிலிருந்து மறுபடி விளையாடினால்தான் உண்மையான முடிவு.

1986-ல் டைட்டோ வெளியிட்ட 'பபுள் பாபுள்' கேமில் 100 கட்டங்கள். தனியா விளையாடி நூறையும் தாண்டினாலும் நல்ல முடிவு கிடைக்காது. நண்பரோடு சேர்ந்து ரெண்டு பேரா முடிச்சால்தான் கிடைக்கும். அதே வருஷம் வந்த 'மெட்ராய்ட்' கேமைக் குறைந்த நேரத்தில் முடிச்சால்தான், கவச உடைக்குள் இருக்கும் ஹீரோ ஒரு பெண் என்று தெரியவரும்.

இவை எல்லாத்துலயும் ஒண்ணு பொது. பல முடிவுகள் என்பது நல்லா விளையாடினவங்களுக்கான பரிசு. தோத்தவங்களுக்கு எதுவும் கிடையாது. 'ரிவென்ச்சர்' திருப்பிப் போட்டது இந்த விதியைத்தான்.

ஒரு சின்ன கணக்கு: 20 கேள்வி, 10 லட்சம் முடிவு

எல்லா கேமிலும் ஏன் நூறு முடிவு வைக்கக் கூடாது? அதுக்குக் கணக்கு இடம் கொடுக்காது.

ஒரு கதையில் ஒரே ஒரு இடத்தில் "இடமா, வலமா?" என்று கேட்டால் 2 முடிவு. இன்னொரு கேள்வி கேட்டால் 4. அப்படியே 10 கேள்வி கேட்டால் 1,024 முடிவு. 20 கேள்வி வந்தால் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காட்சி, வசனம், குரல், இசை செய்ய எந்த நிறுவனத்தாலயும் முடியாது.

அதனால பெரிய கேம்கள் ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. கிளை பிரியும், கொஞ்ச தூரம் போனதும் திரும்ப ஒரே சாலையில் வந்து சேரும். நீங்க யாரைக் காப்பாத்தினாலும் அடுத்த காட்சி அதே ஊரில்தான் தொடங்கும். ஒரு வசனம் மட்டும் மாறும். தேர்வு நம்ம கையில இருக்கிற மாதிரி தெரியும், ஆனா சாலை ஒண்ணுதான்.

'17,000 முடிவு' போன்ற எண்களையும் இப்படித்தான் புரிஞ்சுக்கணும். 17,000 தனித்தனி கிளைமாக்ஸ் எடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் இல்லை. நண்பர் உயிரோடு இருக்காரா, எந்த ஊர் தப்பிச்சது, யார் யாரைக் காதலிச்சாங்க போன்ற சின்னச் சின்ன துண்டுகளை மாத்தி மாத்தி அடுக்கும்போது வர்ற எண்ணிக்கை அது. பொய் இல்லை, ஆனா எண்ணைக் கேட்டதும் நம்ம மனசுல வர்ற படம் வேற.

'ரிவென்ச்சர்' பிடிச்ச வழி இதுக்கு நேர் எதிர். கிளை பிரிஞ்ச இடத்துலயே கதையை முடிச்சிடும். பெரியவரைக் குத்தினீங்களா? முடிஞ்சது கதை. அதுக்கு அப்புறம் நாட்டில் என்ன ஆச்சுன்னு காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு படம், ரெண்டு வரி, மறுபடி வீடு. செலவு குறைவு, முடிவு நிஜமாவே தனித்தனி.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் 1979-ல் எட்வர்ட் பேக்கார்ட் எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' என்ற சிறுவர் புத்தகம் இதே வகை. "இப்படிச் செய்யணும்னா இந்தப் பக்கத்துக்குப் போ" என்று வாசகரையே தேர்வு செய்ய வைக்கும். அதில் 40 முடிவுகள். சில முடிவுகள் சில பக்கத்துலயே வந்துடும்.

மூணு கலர், ஒரே டேஸ்ட்: கப் கேக் அனுப்பிய ரசிகர்கள்

தேர்வு வெறும் தோற்றம்னு தெரியவந்தா ரசிகர்கள் எப்படி நடந்துக்குவாங்க? 2012 மார்ச் மாதம் வெளியான 'மாஸ் எஃபெக்ட் 3' அதுக்கு நல்ல உதாரணம்.

மூணு பாகமா வந்த விண்வெளிக் கதை. ஒவ்வொரு பாகத்திலும் நீங்க எடுக்கும் முடிவு அடுத்த பாகத்துக்கும் போகும் என்பதுதான் அதன் பெருமையே. பல பேர் பல வருஷம், நூறு மணி நேரத்துக்கும் மேல விளையாடினாங்க. கடைசியில் கிடைச்சது மூணு முடிவு. சிவப்பு, நீலம், பச்சை. நிறத்தைத் தவிர காட்சிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததாக ரசிகர்கள் கொதிச்சாங்க.

எதிர்ப்பைக் காட்டிய விதம்தான் சுவாரஸ்யம். ரசிகர்கள் ஒண்ணு சேர்ந்து 80,000 டாலருக்கும் மேல் திரட்டி, மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு உதவும் அமைப்புக்குக் கொடுத்தாங்க. கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்துக்கு 400-க்கும் மேற்பட்ட கப் கேக் அனுப்பினாங்க. சிவப்பு, நீலம், பச்சை என மூணு நிறம். கடிச்சுப் பார்த்தா எல்லாமே ஒரே ருசி!

அதே ஆண்டு ஜூனில் பயோவேர் முடிவுகளை விரிவாக்கி, இலவச அப்டேட் ஒன்றை வெளியிட வேண்டியதாப் போச்சு.

அவங்க கோபம் முடிவு மூணுதானே என்பதில் மட்டும் இல்லை. "நான் இவ்வளவு செஞ்சேன், அதை இந்தக் கேம் கவனிக்கவே இல்லையே" என்பதுதான் முக்கியமான குறை. 'ரிவென்ச்சர்' ஜெயிக்கும் இடம் சரியா இதுதான். குழிக்குள்ள தெரியாம விழுந்தாக்கூட, "பார்த்துட்டேன்பா" என்று ஒரு பதில் வருது.

அதே 100, ஆனா விலை வேற

இப்போ 'தி ஹன்ட்ரட் லைன்' கேமுக்கு வருவோம். ஜப்பானில் பிரபலமான 'டங்கன்ரோன்பா' தொடரின் எழுத்தாளர் கசுதாகா கொடாகாவும், 'ஜீரோ எஸ்கேப்' தொடரின் கொடாரோ உசிகோஷியும் சேர்ந்து இயக்கியது. இங்கயும் 100 முடிவுதான், ஆனா ஒவ்வொரு பாதையும் நீளமான கதை. முழுசாப் பார்க்க நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

இதை எடுக்கக் கடன் வாங்கியிருக்கோம், ஓடலைன்னா நிறுவனமே தாங்காது என்கிற நிலையை கொடாகா வெளிப்படையாகவே பேசினார். நல்லவேளை, கேமுக்கு விமர்சகர்களிடம் நல்ல வரவேற்பு கிடைத்தது.

ரெண்டு கேமிலும் எண் ஒண்ணுதான். ஒண்ணு நூறு துணுக்கு, இன்னொண்ணு கிட்டத்தட்ட நூறு கதை. ஒண்ணை ஒரு சின்ன குழு தைரியமா செஞ்சு பார்க்கலாம், இன்னொண்ணுக்கு ஒரு நிறுவனத்தையே பணயம் வைக்கணும். அட்டையில் இருக்கும் எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

சிரிப்பு ஏன் இவ்வளவு நல்லா செட் ஆகுது?

பல முடிவு கேம்களில் மக்கள் அதிகம் பேசுவது பெரும்பாலும் காமெடி முடிவுகளைத்தான்.

2014-ல் வந்த 'ஃபார் க்ரை 4' கேமின் தொடக்கத்தில் வில்லன் உங்களை ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார வெச்சு, "இங்கேயே இரு, வந்துடறேன்" என்பார். எல்லாரும் தப்பிச்சு ஓடுவாங்க, அங்கிருந்துதான் கேமே தொடங்கும். ஆனா சொன்ன பேச்சைக் கேட்டு கால் மணி நேரம் போல சும்மா உட்கார்ந்திருந்தா? வில்லன் நிஜமாவே திரும்பி வருவார், ஹீரோ வந்த வேலையை முடிச்சுக் கொடுப்பார். படம் முடிஞ்சு பேர் ஓட ஆரம்பிச்சிடும்.

2017-ல் வந்த 'நியர்: ஆட்டோமாட்டா' கேமில் மொத்தம் 26 முடிவுகள், ஆங்கில எழுத்துக்கு ஒண்ணு வீதம். அதில் கதைக்கு முக்கியமானவை 5 மட்டும். மீதி 21-ல் பல குறும்பு முடிவுகள். ஒண்ணில், ரோபோ ஹீரோ கானாங்கெளுத்தி மீனைச் சாப்பிட்டதும் கதை முடிஞ்சிடும்!

நகைச்சுவைக்கு எதிர்பார்ப்பு ஒண்ணு வேணும், அதை உடைக்கும் திருப்பம் ஒண்ணு வேணும். கேமில் எதிர்பார்ப்பு ஏற்கனவே நம்ம விரலிலேயே இருக்கு. வாள் கிடைச்சா எதிரியை வெட்டணும், பெட்டி இருந்தா திறக்கணும், பள்ளம் வந்தா குதிக்கணும். 40 வருஷப் பழக்கம். அதனாலதான் 'ரிவென்ச்சர்' பழைய கேம் வேஷத்தில் வருது. நமக்குத் தெரிஞ்ச விதியா இருந்தால்தான் அதை மீறும்போது சிரிப்பு வரும். அதோட, ஜோக்கைச் சொல்வது கேம்தான், ஆனா பட்டனை அழுத்தினது நாம. மாட்டிக்கிட்ட உணர்வும் சேர்ந்து சிரிப்பு ரெட்டிப்பாகுது.

குறையே இல்லையா?

இருக்கு. முதல் 40, 50 முடிவு தானா வந்து விழும். அதுக்கு மேல போகப் போக வேகம் குறையும். ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து நடக்கணும், அதே பாதை, அதே குதி. விளையாட்டு மெல்ல பட்டியல் டிக் அடிக்கும் வேலையா மாறிடும். அந்த நேரத்தில் யூடியூபில் '100 முடிவும் ஒரே வீடியோவில்' பார்த்துட்டா ஜோக்கும் போச்சு, தேடலும் போச்சு.

இன்னொண்ணு, பழைய கேம்களையும் இணைய மீம்களையும் தெரிஞ்சவங்களுக்கான கிண்டல் நிறைய. அது தெரியாதவங்களுக்குப் பாதி ஜோக் புரியாம போக வாய்ப்பிருக்கு. கதையில் அழணும், உருகணும்னு எதிர்பார்த்தாலும் இது அந்தக் கடை இல்லை.

தேர்வு செய்யும் கதைகள் காணாமப் போகுதா?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் ஓடிடி பக்கம் நடந்திருக்கு. 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'பிளாக் மிரர்: பேண்டர்ஸ்னாட்ச்' நினைவிருக்கா? ரிமோட்டை அழுத்தி கதையை நீங்களே நகர்த்தலாம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2025 மே மாதம் அதை நெட்ஃபிளிக்ஸ் தன் தளத்திலிருந்து நீக்கிடுச்சு. அதே மாதிரியான மற்ற பல தலைப்புகள் அதுக்கு முன்னாடியே நீக்கப்பட்டிருந்தன.

சாதாரணப் படம் ஒரு தளத்திலிருந்து போனால் வேற தளத்தில் வரலாம், டிவியில் போடலாம். தேர்வு செய்யும் படம் அப்படி இல்லை. அதை ஓட்டுற மென்பொருள் இல்லைன்னா, யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுத்த ஒரு பாதையை வீடியோவா பார்க்கலாம், அவ்வளவுதான். நீங்க தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு அதோட போயிடும்.

'ரிவென்ச்சர்' மாதிரி தரவிறக்கம் செஞ்சு தனியா ஆடுற சின்ன கேம்கள் அந்த வகையில் கொஞ்சம் பாதுகாப்பானவை. ஒவ்வொரு முடிவுக்கும் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 3 விஷயம்

'பல முடிவுகள்' என்று எழுதியிருக்கும் கேமைப் பார்த்தால், எண்ணை விட்டுட்டு இதைப் பாருங்க:

1. முடிவு எப்போ வருது? 50 மணி நேரத்துக்கு அப்புறம் கடைசிக் காட்சியில் மட்டும் மாறுதா, இல்லை வழியிலேயே கதை மாறுதா? கடைசியில் மட்டும்னா, இன்னொரு முடிவைப் பார்க்க இன்னொரு 50 மணி நேரம் தேவைப்படலாம்.

2. நீங்க செஞ்சதுக்குப் பதில் இருக்கா? விமர்சனங்களில் "என் தேர்வை கேம் ஞாபகம் வெச்சிருந்தது" என்று எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

3. நெட் இல்லாம ஓடுமா? காசு கொடுத்து வாங்கின கேம் நாளைக்கு சர்வர் மூடினாலும் ஓடணுமே. வாங்கும் பக்கத்திலேயே இந்தத் தகவல் பெரும்பாலும் இருக்கும்.

வீட்டில் பசங்க விளையாடுறாங்கன்னா இன்னொண்ணும் சொல்லலாம். தோத்தா ரிமோட்டைத் தூக்கி வீசுற வயசுல, "அட, இப்படியும் ஒரு முடிவா, அடுத்து என்ன பண்ணிப் பார்க்கலாம்?" என்று சிரிச்சுக்கிட்டே திரும்ப ஆரம்பிக்க வைக்கிற கேம்கள் குறைவு. வாள் குத்து, சாவு எல்லாம் கார்ட்டூன் பாணியில்தான் இருக்கும். இருந்தாலும் கொடுக்கறதுக்கு முன்னாடி அது எந்த வயதுக்கானது என்று ஒரு தடவை பார்த்துடுங்க. முடிஞ்சா முதல் பத்து முடிவைக் கூட உட்கார்ந்து சேர்ந்தே தேடுங்க. பெரியவரை யார் முதலில் குத்துறாங்கன்னு பார்க்கவே செம ஜாலியா இருக்கும்.